தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும்வரை

1949-ல் கும்பகோணத்தில் பிறந்த இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தேர்வில் தேறிக் கையில் கிடைத்திருந்த இந்தியப் போலீஸ் பணி. மற்றது, யுனெஸ்கோ உதவித்தொகையுடன் ஹாலந்து சென்று உருளைக்கிழங்கு பற்றி ஆராய்வது. ஊரில் யாரைக் கேட்டாலும் முதலாவதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த இளைஞர் உருளைக்கிழங்கைத் தேர்ந்தெடுத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் என்ற விஞ்ஞானி உருவானது அப்படித்தான்.

வாகனிங்கன் விவசாயப் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை, உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு. அதைத் தாங்கும் சக்தி வயலில் விளைந்த ரகங்களில் இல்லை. யாரும் பயிரிடாத, தானாக வளரும் காட்டு உருளைக்கிழங்கு இனங்களில் இருந்தது. அந்தக் குணத்தை வயல் ரகத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே ஆராய்ச்சி. ஆக, விவசாயத்துக்கும் இயற்கைக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைத்தான் ஒரு தமிழ் மாணவர் அன்று அந்நிய மண்ணில் படித்துக்கொண்டிருந்தார். அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இன்று பெயர் இருக்கிறது. பாடத்திட்டம் இருக்கிறது. உதவித்தொகைகளும் கோடைகால முகாம்களும் இருக்கின்றன. விவசாயத்தையும் இயற்கைப் பாதுகாப்பையும் எப்படி இணைத்து நடத்துவது என்று பார்த்து வர, ஆண்டுதோறும் மாணவர்கள் நாடு விட்டு நாடு போகிறார்கள். ஐரோப்பாவில் 1987-ல் 11 நாடுகளின் மூவாயிரத்துச் சொச்சம் மாணவர்களுடன் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இன்று ஒரு பெரும் போக்குவரத்தாகிவிட்டது. விவசாய மாணவர்களுக்கென்றே 1957-ல் துனிஸ் நகரில் எட்டு நாடுகள் சேர்ந்து தொடங்கிய சர்வதேச சங்கம் இன்னும் மாணவர்களை நாடு மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது. கேள்வி ஒன்றுதான். போகிறவர்கள் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்?

விளைச்சல் என்ற ஒரே கேள்வி

முதல் தலைமுறைப் பரிமாற்றத்தில் இந்தக் குழப்பம் இல்லை. 1960-ல் பந்த்நகரில் நாட்டின் முதல் விவசாயப் பல்கலைக்கழகத்தை நேரு திறந்துவைத்தபோது அதற்குத் துணை நின்றது அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகம். லூதியானாவுக்கு ஓஹையோ. அங்கிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள், இங்கிருந்து பட்டதாரிகள் போனார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி.

அதைக் குறை சொல்வதற்கில்லை. 1966-ல் சுமார் ஒரு கோடி டன் தானியம் கப்பலில் வந்து இறங்கிய நாடு இது. 1964-65-ல் 1 கோடியே 20 லட்சம் டன்னை ஒட்டியிருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் 1 கோடியே 65 லட்சம் டன்னானபோது, வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் கொண்டுவந்தது என்ன என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. களத்து மேட்டில் குவிந்து கிடந்தது.

ஆனால் அந்த வெற்றியின் உச்சத்திலேயே, 1968 ஜனவரியில் வாராணசி அறிவியல் மாநாட்டில், சுவாமிநாதன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். வடிகால் வசதி இல்லாமல் தண்ணீர் பாய்ச்சினால் மண் உவர் பூக்கும், பூச்சிமருந்தைக் கண்டபடி தெளித்தால் அது உணவில் திரும்பி வரும், நிலத்தடி நீரை இறைத்துத் தீர்த்தால் அது சீக்கிரமே வற்றும், நூற்றுக்கணக்கான உள்ளூர் ரகங்களைத் தள்ளிவிட்டு ஒன்றிரண்டை மட்டும் நம்பினால் ஒரு நோய் போதும் என்பது அதன் சாரம். பஞ்சாபின் நிலத்தடி நீர் இன்று இருக்கும் நிலைமையைப் பார்க்கும்போது அந்த உரை ஜோதிடம் போலத் தோன்றும். ஜோதிடமல்ல. கணக்குத் தெரிந்தவர் போட்ட கணக்கு. 2023 செப்டம்பரில் மறையும்வரை அவர் பேசிவந்த ‘என்றும் மாறாத பசுமைப் புரட்சி’க்கு வித்து அந்த உரையில் இருக்கிறது.

ஹாலந்தின் புல்வெளியில்

சுவாமிநாதன் படித்த அதே வாகனிங்கனில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். விவசாயத்தில் உலகிலேயே மிகவும் மதிக்கப்படும் பல்கலைக்கழகங்களில் ஒன்று. நாடு சிறியது. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் விவசாயப் பொருள் ஏற்றுமதி மதிப்பில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் பல ஆண்டுகள் இருந்த நாடு. இப்படியும் விளைவித்து, கால்வாய்க் கரையில் பறவைகளையும் வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அவர்களுக்கு முதலில் காட்டப்படுவது ஒரு பறவை. கருவால் மூக்கன். நீண்ட அலகும் செம்பழுப்புக் கழுத்துமாக ஈரப் புல்வெளியில் நடக்கும் இது அந்நாட்டின் தேசியப் பறவை. வடமேற்கு ஐரோப்பாவில் முட்டையிடும் கருவால் மூக்கன்களில் மிகப் பெரும்பகுதி ஹாலந்தில்தான் முட்டையிடுகிறது. குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவின் நெல்வயல்களில் கழித்துவிட்டு, திரும்பும் வழியில் ஸ்பெயின், போர்ச்சுகல் நெல்வயல்களில் இறங்கி இரை தேடிக்கொண்டு, வசந்தத்தில் மாட்டுப் பண்ணைகளின் புல்வெளிக்கு வந்து சேர்கிறது. அதாவது, வாழ்நாள் முழுவதும் விவசாயி நிலத்தில்தான் அதன் குடித்தனம்.

சிக்கல் புல்வெட்டும் தேதியில் இருக்கிறது. நிலத்தடி நீரை வடித்து, உரம் போட்டால் புல் சீக்கிரம் வளரும். மே மாதத்திலேயே இயந்திரம் இறங்கும். மூக்கனின் குஞ்சுகள் அப்போதுதான் முட்டையை விட்டு வெளியே வந்திருக்கும். பறக்கத் தெரியாது. 1960-களில் ஒரு லட்சம் ஜோடிக்கு மேல் இருந்த பறவை இன்று அதில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது.

அரசு சும்மா இருக்கவில்லை. ஜூன் பாதிவரை புல் வெட்டாமல் காத்திருக்கும் விவசாயிக்கு ஈடாகப் பணம் தரும் ஏற்பாடு 1970-களின் நடுவிலேயே உருவானது. உலகின் பல நாடுகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஆனால் 2001-ல் வாகனிங்கன் ஆராய்ச்சியாளர்களே ‘நேச்சர்’ இதழில் ஒரு குண்டைப் போட்டார்கள். பணம் வாங்கிய வயலையும் வாங்காத வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், செடிகளும் பறவைகளும் குறிப்பிடத்தக்க அளவில் அதிகமாக இல்லை. புல்வெட்டைத் தள்ளிப்போட்டால் மட்டும் போதாது, தண்ணீர் மட்டத்தையும் உயர்த்த வேண்டும், உரத்தையும் குறைக்க வேண்டும், அங்கொரு வயல் இங்கொரு வயல் என்றில்லாமல் ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது மெதுவாகப் புரிந்தது. 2016 முதல் தனி விவசாயியோடு ஒப்பந்தம் கிடையாது. சுமார் 40 விவசாயிகள் கூட்டமைப்புகளோடுதான்.

தன் தோல்வியைத் தானே அளந்து வெளியிட்ட ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பது எந்த மாணவருக்கும் நல்ல பயிற்சி. ஆனால் அதைவிடப் பெரிய பாடம் வகுப்புக்கு வெளியே காத்திருந்தது. 2019 மே மாதம் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளின் மேல் நைட்ரஜன் படிவதைக் கட்டுப்படுத்த அரசு வைத்திருந்த அனுமதி முறை செல்லாது என்றது. பின்னால் குறைத்துக்கொள்வோம் என்ற வாக்குறுதியை வைத்து இன்று அனுமதி தர முடியாது என்பது தீர்ப்பு. மாட்டுச் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் கிளம்பும் அம்மோனியா அந்த நைட்ரஜனில் பெரும் பங்கு. மாடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அக்டோபர் 1-ஆம் தேதி டிராக்டர்கள் ஹேக் நகரச் சாலைகளை அடைத்தன. 2023 மார்ச் மாகாணத் தேர்தலில், நான்கே ஆண்டுகளுக்கு முன் பிறந்த விவசாயிகள் கட்சி எல்லோரையும் முந்தியது.

விவசாயி இயற்கைக்கு எதிரியா? அப்படிச் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அதிகம் உற்பத்தி செய், பெரிய கொட்டகை கட்டு, கடன் வாங்கு என்று பல பத்தாண்டுகள் சொன்னவர்கள் அரசும் வங்கியும் ஆலோசகர்களும்தான். கணக்கு நேர் செய்ய வேண்டிய நாள் வந்தபோது சீட்டு விவசாயி பெயருக்கு மட்டும் கிழிக்கப்பட்டது. டிராக்டரில் ஏறியவரின் கோபம் அது. சாலை ஓரம் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்த வெளிநாட்டு மாணவருக்கு, பறவைப் பாதுகாப்பு என்பது பறவையைப் பற்றிய பாடம் மட்டுமல்ல என்று தெரிந்திருக்கும்.

கடல் தாண்டிய நாரை

விலையை யார் தருவது என்ற அதே கேள்விக்கு வேறு விதமாகப் பதில் தேடிய ஊர் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. ஹியோகோ மாநிலத்தில் மருயாமா ஆற்றங்கரையில் இருக்கும் டொயோஒகா. இங்கே பறவை, கிழக்கத்திய வெள்ளை நாரை. உள்ளூர்ப் பெயர் கோனோடோரி. ஒரு காலத்தில் நாற்றை மிதிக்கிறது என்று விவசாயிகள் விரட்டிய பறவைதான். வேட்டை, கூடு கட்டும் பைன் மரங்களின் அழிவு, போருக்குப் பின் வந்த பூச்சிமருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்க, 1971-ல் ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை டொயோஒகாவில் செத்தது.

அதே 1971-ல், கடலுக்கு அந்தப் பக்கம் தென் கொரியாவில், கடைசியாக மிஞ்சியிருந்த ஜோடி கண்ணில் பட்டது. செய்தி வெளியான சில நாளில் ஆண் பறவையை யாரோ சுட்டுக் கொன்றார்கள். பெண் நாரை 1994 வரை தனியாக வாழ்ந்து மிருகக்காட்சிசாலையில் கண் மூடியது.

டொயோஒகாவில் 1965-லேயே காட்டு நாரைகளைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். 24 ஆண்டுகள் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. உடலில் ஏறியிருந்த மருந்தின் வேலை. 1985-ல் சோவியத் நாட்டின் கபரோவ்ஸ்க் பகுதியிலிருந்து ஆறு இளம் நாரைகள் வந்தன. 1989-ல் அவற்றின் குஞ்சு பொரிந்தது. பரிமாற்றம் என்றால் இதுதான் உண்மையான பரிமாற்றம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வந்த மாணவர்கள் ஆறு பேருக்கும் பாஸ்போர்ட் கிடையாது.

ஆனால் கூண்டில் பொரித்தால் போதுமா? வெளியே விட்டால் தின்ன என்ன இருக்கிறது? நாரைக்கு ஒரு நாளைக்குக் கிலோ கணக்கில் அல்லாவிட்டாலும், தவளை, மீன், பூச்சி என்று நிறையவே வேண்டும். அவை வயலில் இருக்க வேண்டும். அதனால் பறவையை வெளியே விடுவதற்கு முன் வயலை மாற்றும் வேலை தொடங்கியது. 2003-ல் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில் ஆரம்பித்தார்கள்.

முறை நம் டெல்டா விவசாயிக்குச் சொன்னாலும் உடனே புரியும். மருந்தை நிறுத்து, அல்லது வெகுவாகக் குறை. குளிர்காலத்தில் தரிசாகக் கிடக்கும் வயலிலும் தண்ணீர் கட்டி வை. களை வராமலிருக்க ஆழமாகத் தண்ணீர் நிறுத்து. வாய்க்காலிலிருந்து மீன் வயலுக்கு ஏறி வர சிறு படிக்கட்டு அமை. கடைசியாக ஒன்று. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பது நம்மூர்ச் சொலவடை. ஜப்பானிலும் கோடை நடுவில் வயலை வடித்துக் காயவிடுவது வழக்கம். டொயோஒகாவில் அந்தக் காய்ச்சலைத் தள்ளிப்போட்டார்கள். வயலில் இருக்கும் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துத் தவளையாகி வரப்பேறும்வரை மடையைத் திறப்பதில்லை.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. களை பறிக்கும் கைக்கு அப்படியில்லை. வேலை கூடுதல், விளைச்சல் குறைவு, கிராமத்தில் இருப்பவர்களோ பெரும்பாலும் முதியவர்கள். அதனால்தான் அங்கே பறவைக்குச் செய்ததைவிட அரிசிக்கு அதிகம் செய்தார்கள். நாரை பெயரில் முத்திரை போட்டு, விவசாயக் கூட்டுறவு சங்கம் கூடுதல் விலைக்கு வாங்கியது. நகரக் கடைகளில் அந்த அரிசி தனி வரிசையில் நின்றது. ஊர்ப் பள்ளிகளின் மதிய உணவில் பரிமாறப்பட்டது. நாரை தின்னும் தவளைக்கான செலவை, சோறு தின்னும் பிள்ளைகளும் நகரத்து வாடிக்கையாளரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

2005 செப்டம்பரில் ஐந்து நாரைகள் வெளியே விடப்பட்டன. 2007-ல் காட்டுக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சு பறந்தது. 46 ஆண்டுகளில் அதுதான் முதல். இன்று ஜப்பான் வானில் 300-க்கும் மேற்பட்ட நாரைகள் பறக்கின்றன. நாரைக்கான நிலம் சுமார் 400 ஹெக்டேராக வளர்ந்தது. 2008-ல் கொரியாவின் சாங்வொன் நகரில் நடந்த ராம்சர் மாநாட்டில், நெல்வயலும் ஓர் ஈரநிலமே, அதன் உயிர்வளத்தைப் பேண வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர்களில் ஜப்பானும் கொரியாவும் உண்டு.

2014-ல் டொயோஒகா நாரை பூங்காவின் வளாகத்திலேயே ஹியோகோ பல்கலைக்கழகம் ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளியைத் திறந்தது. அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. டொயோஒகாவில் பிறந்த நாரை ஒன்று கடல் தாண்டி, கொரியாவில் மருந்தில்லாமல் நெல் விளைவிக்கும் போங்ஹா என்ற கிராமத்தில் போய் இறங்கியது. அடுத்த ஆண்டு யேசான் என்ற ஊரில் கொரியர்கள் தங்கள் எட்டு நாரைகளைப் பறக்கவிட்டார்கள். சரித்திரக் கசப்பு இன்னும் தீராத இரு நாடுகள். அவற்றின் மாணவர்கள் ஒரே வரப்பில் நின்று பேசுவதற்கு இப்போது ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது.

எருமையைத் துரத்திய பாடம்

இதையெல்லாம் பார்த்துவிட்டு வரும் இந்திய மாணவர், ‘நம் நாட்டில் இப்படி ஒன்றும் இல்லையே’ என்று பெருமூச்சு விடுவது வழக்கம். இருக்கிறது. டில்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், ராஜஸ்தானின் பரத்பூரில்.

29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேவலாதேவ் நீர்நிலை உலகப் புகழ் பெற்ற பறவைகள் புகலிடம். 1981-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுக் கிராமத்து எருமைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்ந்து வந்தன. 1982 நவம்பரில், தேசியப் பூங்காவில் கால்நடைக்கு இடமில்லை என்று மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. கிராமத்தினர் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின.

தடையை ஆதரித்தவர்களில் மாபெரும் பறவையியலாளர் சாலிம் அலியும் ஒருவர். அப்போது அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், அமெரிக்க அரசின் வனவிலங்குத் துறை தந்த பண உதவியோடு ஒரு பத்தாண்டு ஆய்வைத் தொடங்கியிருந்தது. 1991-ல் முடிவு வந்தது. எருமை இல்லாத நீர்நிலையில் ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிவிட்டது. மீன் குறைந்தது, பறவைகள் நீந்தவும் இரை தேடவும் இடம் குறைந்தது. நீர்நிலையை அதுவரை திறந்து வைத்திருந்தது அதே எருமைகள்தான். யாரைத் துரத்துவதற்காகத் துப்பாக்கி எடுத்தார்களோ அவர்கள்தான் அந்த இயற்கையின் பங்காளிகள்.

கதை அதோடு முடியவில்லை. பரத்பூருக்கு கம்பீர் ஆற்றிலிருந்து வரும் தண்ணீரை மேலே கரோலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை தடுத்தது. 2004-ல் மழை பொய்த்தபோது, ‘எங்கள் வயலுக்கே இல்லாத தண்ணீர் பறவைக்கா’ என்று அணைப் பகுதி விவசாயிகள் எதிர்த்தார்கள். நீர்நிலை வறண்டது. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. டொயோஒகாவில் நாரை விவசாயியின் அரிசிக்கு விலை கூட்டியது. பாஞ்சனாவில் கொக்கு விவசாயியின் தண்ணீரில் பங்கு கேட்டது. முன்னதில் பறவையால் விவசாயிக்கு ஏதோ கிடைத்தது. பின்னதில் கேட்கப்பட்டதே தவிர, கொடுக்கப்படவில்லை. இரு ஊர்களின் கதை வேறுவேறாகப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தெற்கே வேடந்தாங்கல் விவசாயிகளுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு எரு வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்து மூலம் உரிமை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கே காவல் காத்தது அன்பு மட்டுமல்ல, கணக்கும்தான். ஜப்பானிய மாணவர் ஒருவர் வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது.

ஒரு போகம் தங்கினால்

ஆகவே பரிமாற்றம் என்ற சொல்லை அதன் பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்து வாங்குவது. இன்று நடப்பது பெரும்பாலும் ஒருவழிப் பாதை. ஏழை நாட்டு மாணவர் பணக்கார நாட்டின் வெற்றியைப் பார்க்கப் போகிறார். பணக்கார நாட்டு மாணவர் ஏழை நாட்டின் பிரச்சினையைப் பார்க்க வருகிறார். ஒருவர் கையில் பிரமிப்பு, மற்றவர் கையில் ஆய்வறிக்கை. இருவருமே விவசாயியின் கணக்கு நோட்டைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது குறை, காலம். உலக வங்கி உதவியோடு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய உயர்கல்வித் திட்டத்தில் பல மாநிலங்களின் விவசாய மாணவர்கள் வெளிநாடு போய் வந்தது நல்ல முயற்சி. ஆனால் இத்தகைய பயணங்கள் பொதுவாகச் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். நெல்லுக்கே அதைவிட அதிக நாள் வேண்டும். ஹாலந்தின் ஒப்பந்த முறை தோற்றுப்போனதைக் கண்டுபிடிக்க கால் நூற்றாண்டு ஆனது. டொயோஒகாவில் ஒரு குஞ்சுக்கு 24 ஆண்டு காத்திருந்தார்கள். பரத்பூரின் உண்மை தெரியப் பத்து ஆண்டு. மூன்று வாரத்தில் போட்டோ எடுக்கலாம், வேறென்ன செய்ய முடியும்?

வழி கையிலேயே இருக்கிறது. இந்தியாவில் பி.எஸ்ஸி. விவசாயம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் கடைசி ஆண்டில் ஒரு கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும் என்பது விதி. வெளிநாட்டு மாணவரை மாநாட்டு அரங்கில் உட்கார வைப்பதற்குப் பதில் இந்தக் கிராமத் தங்கலில் சேர்த்துவிடலாம். நாற்று விடுவதில் தொடங்கி அறுப்பு வரை, ஒரு முழுப் போகம். நம் மாணவர் அங்கே போனாலும் அப்படியே. புல் வெட்டும் தேதிக்காக விவசாயி வங்கிக் கடனைப் பார்த்துக் கணக்குப் போடும் மேஜையில் அவரும் உட்கார வேண்டும். எவ்வளவு விளைந்தது, எவ்வளவு இழந்தார், இழப்பை யார் ஈடுகட்டினார்கள், எத்தனை மாதம் தாமதமாகப் பணம் வந்தது. இந்த நான்கு கேள்விக்குப் பதில் இல்லாத எந்த அறிக்கையும் பாதி அறிக்கைதான்.

யார் போகிறார்கள் என்பதும் முக்கியம். விண்ணப்பம் ஆங்கிலத்தில், நேர்முகம் ஆங்கிலத்தில், விமானச் செலவில் ஒரு பகுதி சொந்தப் பணத்தில் என்றால், சேற்றில் கால் வைத்த வீட்டுப் பிள்ளை போவது எப்படி? பரத்பூரின் மேய்ச்சல்காரர் வீட்டிலிருந்து ஒருவர், பாஞ்சனா அணைப் பாசனத்து விவசாயி வீட்டிலிருந்து ஒருவர் டொயோஒகா போய் வந்தால், அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். ‘நாரை அழகாக இருக்கிறது’ என்று அவர்கள் எழுத மாட்டார்கள். ‘மூட்டைக்கு எவ்வளவு கூடக் கொடுத்தார்கள்? முதல் வருஷம் விளைச்சல் விழுந்தபோது வீட்டில் என்ன சொன்னார்கள்?’ என்று கேட்பார்கள். பதில் சொல்லும் ஜப்பானிய விவசாயியும், இத்தனை நாள் யாரும் இதைக் கேட்கவில்லையே என்று நினைக்கக்கூடும்.

அந்த ஊர் விவசாயி வடிகாலைத் திறப்பதற்கு முன் வயலில் குனிந்து பார்க்கிறார். வால் இன்னும் இருக்கிறதா, கால் முளைத்துவிட்டதா? முளைக்கவில்லை என்றால் மடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார். அவர் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவர் நெல்லுக்கு ஒரு சங்கடம். அதற்கு யாரோ எங்கோ கொஞ்சம் கூடுதல் விலை தருகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர் திரும்புகிறார். பக்கத்தில் நின்று பார்க்கும் மாணவர், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், தவளையோடு அந்த நம்பிக்கையையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும்.